பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஓர் ஆபீஸ்!

இரவு 9 மணி. சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை வெளியே இழுக்கிறார் வீட்டுக்காரர். அதன் மேல் கணக்கு நோட்டை விரிக்கிறார். ஆபீசில் முடிக்காமல் எடுத்து வந்த வேலை. கட்டிலின் மேல் மகள் உட்கார்ந்திருக்கிறாள். தலையணை மேல் லேப்டாப். அவளுக்கும் கம்பெனி வேலைதான். மூலையில் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்.

பத்தரை மணிக்கு எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். அவருக்கு இடுப்பு வலி. அவளுக்குக் கழுத்து வலி. பையனுக்குக் கண் எரிச்சல். "நாளைக்கு ஒரு மேஜை வாங்கி விட வேண்டியதுதான்" என்கிறார் அவர்.

"எங்கே போடுவீர்கள்?" என்று கேட்கிறார் அவர் மனைவி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் பல வீடுகளில் மேஜை வராமலே இருக்கிறது. தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், சயான் கோலிவாடாவில், செம்பூரில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ!

மேஜை வாங்குவது முதல் காரியமே அல்ல. அது கடைசிக் காரியம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலும் ஓர் ஆபீஸ் அமைக்கலாம். அந்த மூலையில் யார், எப்போது உட்காருவது என்பதையும் சண்டை இல்லாமல் முடிவு செய்யலாம்.

டைப்ரைட்டர் முதல் லேப்டாப் வரை

வீட்டில் ஆபீஸ் என்பது நமக்குப் புதிது அல்ல. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து விட்டு, ரெயில் ஏறிப் பம்பாய் வந்தவர்கள் நம் முன்னோர். 1955-ம் ஆண்டு கோத்ரெஜ் கம்பெனி இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியது. பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக் கொண்டு, மாலை நேரத்தில் வக்கீல்களுக்கும் மாணவர்களுக்கும் டைப் அடித்துக் கொடுத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் உண்டு. 2009-ல் அந்தக் கம்பெனி டைப்ரைட்டர் உற்பத்தியை நிறுத்தியது.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆபீஸ் மொத்தமாக வீட்டுக்குள் நுழைந்தது. ஊரடங்கு போய் விட்டது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு பல கம்பெனிகளில் தங்கி விட்டது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் ஆகியோருக்கு என்றுமே வீடுதான் ஆபீஸ்.

வேலை வந்து விட்டது. இடம்தான் வரவில்லை.

நமக்குக் கிடைத்த இடம்

வொர்லி, நைகாம், லோயர் பரேல், சிவ்ரி ஆகிய இடங்களில் 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஓர் அறை 160 சதுர அடி. (இப்போது அவற்றில் பல இடிக்கப்பட்டு, 500 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன. வொர்லியில் முதல் தொகுதி வீடுகள் 2025 ஆகஸ்டில் ஒப்படைக்கப்பட்டன.) குடிசை மாற்றுத் திட்டத்தில் முதலில் கொடுத்த வீடு 225 சதுர அடி. பிறகு 269 ஆயிற்று. அதற்குப் பிறகு 300 ஆயிற்று. பழைய குடிசைப் பகுதிகளில் இதற்கும் குறைவு. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் வெறும் 120 சதுர அடி.

இதற்குள்தான் சமையல், குளியல், படுக்கை, பூஜை எல்லாம். ஆபீசுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?

அகலம் மூன்று அடி. ஆழம் ஒன்றரை அடி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள இன்னும் இரண்டு அடி. இவ்வளவு போதும். இதுவும் நாள் முழுவதும் தேவை இல்லை. வேலை முடிந்ததும் மடக்கி விட வேண்டும். அந்த இடத்தில் இரவு ஒருவர் படுத்துக் கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டைக் கவனியுங்கள். காலையில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது? மாலையில் எங்கே? அடுப்புக்கும் மோரிக்கும் நடுவில் எத்தனை தடவை நடக்கிறார்கள்? குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் எங்கே நிற்கின்றன? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மூன்று இடங்களைத் தள்ளி விடுங்கள். ஒன்று, மோரியை ஒட்டிய சுவர். தண்ணீர் தெறிக்கும். இரண்டாவது, அடுப்புக்கு எதிர்ப்பக்கம். எண்ணெய்ப் புகை காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் படியும். மூன்றாவது, நடைவழி. ஒவ்வொருவர் வரும்போதும் நீங்கள் எழுந்து வழி விட வேண்டி இருக்கும்.

மீதி இருக்கும் சுவர்களில் ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் கை நிழல் எழுத்தின் மேல் விழாது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் கண்ணாடி போலப் பளபளக்கும். கண்ணுக்கு நேராக இருந்தால் கண் கூசும்.

கடை அளவு வேறு, உங்கள் அளவு வேறு

சட்டை தைக்க அளவு கொடுக்கிறோம். மேஜைக்கு மட்டும் யாரும் அளவு கொடுப்பது இல்லை!

கடையில் விற்கும் மேஜை பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குல உயரம். பழைய ஆபீஸ்களில் டைப்பிஸ்ட் மேஜையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அது மற்ற மேஜைகளை விட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருக்கும். டைப் அடிப்பவர் தோளைத் தூக்காமல் அடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. லேப்டாப் வந்ததும் அந்தப் பாடத்தை நாம் மறந்து விட்டோம்.

உங்கள் அளவை எடுப்பது எளிது. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியும்படி நாற்காலியில் உட்காருங்கள். தோளைத் தளர விடுங்கள். முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 5 அடி 3 அங்குல உயரம் உள்ளவருக்கு ஏறக்குறைய 24 முதல் 26 அங்குலம் வரும். அதுதான் தட்டச்சு செய்யும் உயரம். பேனாவால் எழுதுவதற்கு அதைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே உயரமான மேஜை இருக்கிறதா? மரக்கால் என்றால் தச்சர் அறுத்துக் கொடுப்பார். இரும்புக் கால் என்றால் நாற்காலியின் மேல் கெட்டியான மெத்தை போட்டு உயர்ந்து உட்காருங்கள். தொங்கும் காலுக்கு அடியில் ஒரு மணைப் பலகை போட்டுக் கொள்ளுங்கள். கால் தொங்கினால் தொடையில் ரத்த ஓட்டம் குறைந்து மரத்துப் போகும்.

கம்ப்யூட்டர் திரை ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். லேப்டாப்பில் இது முடியாது. திரை உயர்ந்தால் விசைகளும் உயர்ந்து விடும். அதனால் லேப்டாப்பை நாலைந்து கெட்டிப் புத்தகங்களின் மேல் ஏற்றி விட்டு, தனியாக ஒரு கீ போர்டும் மவுசும் வாங்கி இணைத்துக் கொள்ளுங்கள். லாமிங்டன் ரோட்டில் விதவிதமாகக் கிடைக்கும். கழுத்து வலிக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் இல்லை.

தலையணை மேல் லேப்டாப் வைப்பதை இன்றோடு விட்டு விடுங்கள். அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டு மெஷின் சூடாகும்.

சுவரில் மடங்கும் மேஜை

நாலு கால் மேஜைக்கு இடம் இல்லாத வீட்டுக்கு ஏற்றது சுவர் மேஜை. முக்கால் அங்குல கனமுள்ள பிளைவுட் பலகை, மூன்று அடிக்கு ஒன்றரை அடி. பின் விளிம்பில் கீல். அடியில் மடங்கும் பிராக்கெட் இரண்டு. வேலை நேரத்தில் தூக்கி நிறுத்தலாம். முடிந்ததும் கீழே மடக்கினால் சுவரோடு சுவராக ஒட்டிக் கொள்ளும்.

பிளைவுட் வாங்கும்போது ஈரம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். மும்பை மழை நாலு மாதம். சாதாரணப் பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து விடும். அறுத்த விளிம்புகளில் பெயிண்ட் அடிக்கத் தவறாதீர்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

பலகை மட்டுமே சுமார் 5 கிலோ இருக்கும். அதன் மேல் லேப்டாப், புத்தகம், ஊன்றும் கை எல்லாம் சேரும். செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் தாங்கும். துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்குரு முடுக்க வேண்டும். தகரச் சுவரும் மெல்லிய தடுப்புச் சுவரும் தாங்காது. அங்கே முன்பக்கம் ஒரு மடக்குக் காலும், பின்பக்கம் தரை வரை இறங்கும் ஒரு மரச் சட்டமும் வைத்துப் பாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். வாடகை வீடு, பகடி வீடு என்றால் சுவரில் துளை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

நாற்காலியைப் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பது இல்லை. ஜோகேஸ்வரி - ஓஷிவாரா பழைய சாமான் கடைகளில் ஆபீஸ் நாற்காலிகள் கிடைக்கும். போய் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பின் உள்வளைவில் சாய்மானம் படிகிறதா? முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா? அதுதான் முக்கியம். சக்கரமும் பளபளப்பும் அல்ல.

பாயில் உட்கார்ந்தும் செய்யலாம்

தரையில் உட்கார்ந்து வேலை செய்வதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நம் ஊர் மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளை பாயில் உட்கார்ந்து சாய்வுப் பெட்டி மேல் எழுதினார். மும்பை மார்க்கெட்டில் முனீம்ஜியும் மெத்தையில் உட்கார்ந்து அப்படித்தான் எழுதினார். அந்தச் சாய்வுப் பெட்டியில் விஷயம் இருக்கிறது. பலகை சாய்ந்து இருந்தால் காகிதம் கண்ணை நோக்கி எழும்பும். எழுதுபவர் குனிய வேண்டியது இல்லை. மூடியைத் தூக்கினால் உள்ளே நோட்டு, பேனா, முத்திரை, சில்லறை. அந்தக் காலத்து மடக்கு ஆபீஸ் அது!

முதுகைச் சுவரில் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் சிறு தலையணை வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை காலை மாற்றிப் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் தரையைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கும் கண்ணும்

அறையின் நடுவில் ஒரு டியூப் லைட் போட்டிருப்போம். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் உங்கள் தலை நிழலே நோட்டில் விழும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தனியாக, இடது பக்கத்தில், திரையில் படாமல் காகிதத்தில் படும்படி வையுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்கு அது குறைவு இல்லை. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் பெரிய விளக்கை அணைத்து விடலாம்.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கும் ஒரு பொருளை, 20 விநாடி பாருங்கள் என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். 12 அடி அறையில் 20 அடிக்கு எங்கே போவது? எழுந்து பால்கனிக்கோ பொதுத் தாழ்வாரத்துக்கோ வாருங்கள். எதிர்க் கட்டிடத்து மொட்டை மாடியைப் பாருங்கள். கண்ணுக்கும் ஓய்வு, காலுக்கும் ஓய்வு.

40 வயது தாண்டிக் கண்ணாடி போட்டவர்கள் ஒன்று செய்ய வேண்டும். கண்ணிலிருந்து திரை எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளந்து கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். பேப்பர் படிக்கிற தூரம் வேறு. திரை பார்க்கிற தூரம் வேறு. இது தெரியாமல் பலர் தலையை நிமிர்த்தி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக் கொள்கிறார்கள்.

ஒரே பிளக்கில் எல்லாமா?

சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். லேப்டாப் குடிப்பது 65 வாட் அளவுதான். ஆபத்து அதனால் வராது. அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 750 வாட் மிக்சியையும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகினால் 1,500 வாட் ஆகி விடுகிறது. வயர் சூடாகிறது. இஸ்திரிக்குத் தனி பிளக் வேண்டும். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்து விட்டுச் செருகாதீர்கள். அந்த முள்தான் உயிரைக் காக்கிற எர்த். மோரிப் பக்கம் தரையில் வயர் ஓடக் கூடாது.

மூன்றடிக்கு மேல் காகிதம்

2005 ஜூலை 26-ந் தேதியை மும்பைக்காரர் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம். அன்று கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி வைத்திருந்தவர்கள் துணியை மட்டும் இழக்கவில்லை. காகிதத்தையும் இழந்தார்கள்.

காகிதம் என்றால் லேசா? குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு வேண்டுமானால் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்டித்தான் வீடு பெற முடியும். பழைய வாக்காளர் பட்டியல் நகல், கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாடகை ரசீது இவைதான் அப்போது பேசும். ஊரிலிருந்து வந்து முப்பது வருஷம் உழைத்த குடும்பத்தின் வீடே ஒரு பழைய பில்லில் தொங்குகிறது!

ஆகவே உங்கள் வீட்டு ஆபீசின் முதல் சொத்து ஒரு காகிதப் பெட்டி. அதைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில், எப்படியும் மூன்றடிக்கு மேல் வையுங்கள். மழை படும் வெளிச்சுவரில் ஓதம் இறங்கும். அதனால் உள்சுவரில் வையுங்கள். ஒவ்வொரு காகிதமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். பழைய காகிதத்தை லாமினேஷன் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. மெஷினில் வரும் வழவழப்பான ரசீதுகள் சூட்டில் எழுத்து மங்கி வெள்ளையாகி விடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒரு நகலை வேறு வீட்டில் உள்ள நம்பிக்கையானவரிடமும் கொடுத்து வையுங்கள்.

இனிதான் பெரிய வேலை

மேஜை வந்தது. விளக்கு வந்தது. அவ்வளவுதானா? இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர். யார் எப்போது உட்காருவது?

பல வீடுகளில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"அப்பா, எட்டரை மணிக்கு எனக்கு மீட்டிங். குக்கரை அதுக்கு முன்னால இறக்கிரச் சொல்லுங்க."

"அம்மாகிட்ட நீயே சொல்லும்மா. அப்புறம் ஆச்சிகிட்டயும் சொல்லு, டி.வி.யை மெதுவா வைக்கச் சொல்லி."

"ஏட்டி, நீ பேசுத வரைக்கும் நான் செவத்தையா பாத்துக்கிட்டு இருக்கணும்?"

ஆச்சி கேட்பதும் நியாயம்தான். அவருக்கும் அது வீடு. அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் டி.வி. சண்டை தீர்ந்தது. குக்கர் விசிலும் தண்ணீர் வரும் நேரமும் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொருவருடைய வேலை நேரத்தையும் எழுதுங்கள். காலை 5 முதல் 7 வரை பையன். எட்டரை முதல் மாலை வரை, வீட்டு வேலை நாட்களில் மகள். இரவு 9 முதல் பத்தரை வரை அப்பா. இந்தத் தாளை மேஜைக்கு மேல் ஒட்டுங்கள். எதிரொலி குறைய மேஜைக்குப் பக்கத்தில் கனத்த திரைச்சீலை ஒன்று தொங்க விடுங்கள். மீட்டிங்கில் முகத்துக்குப் பின்னால் கொடித் துணி தெரியாமலும் அது மறைக்கும்.

இப்போது அந்தத் தாளை இன்னொரு தடவை பாருங்கள். யாருடைய பெயராவது விட்டுப் போயிருக்கிறதா?

அம்மாவின் பெயர்!

மளிகைக் கணக்கு, பால் கணக்கு, ஸ்கூல் பீஸ், ஊருக்கு அனுப்பும் பணம், மகளிர் குழுத் தவணை, முறுக்கு - அதிரசம் ஆர்டர் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. சம்பளச் சீட்டு வராததால் அது ஆபீஸ் வேலை இல்லை என்று ஆகி விடுமா? காலண்டரின் பின்பக்கத்தில் அவர் எழுதும் கணக்கு ஒரு நாள் தப்பினால் மொத்த வீடும் தடுமாறும். பகல் 2 மணி முதல் 3 மணி வரை அவருக்கு என்று எழுதுங்கள். மகள் வீட்டில் வேலை பார்க்கும் நாட்களில் அந்த ஒரு மணி மகளின் சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும். காகிதப் பெட்டியில் ஓர் அறையும் ஒரு நோட்டும் அவருக்கு ஒதுக்குங்கள்.

மேஜையை மடக்கும்போது அதன் மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. சுவர் மேஜையில் அது கட்டாயம். வைத்தால் கீழே விழும்! ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் பைக்குள் எடுத்து வைத்து விட்டு, அடுத்தவருக்குக் காலியாக விட வேண்டும். கம்பெனிக் கணக்கும் பிறர் பணக் கணக்கும் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்கும் இது நல்ல பழக்கம்.

மூலை ஒன்றுதான். உட்காருகிறவர்கள் நாலு பேர். அதை அமைக்க ஒரு பலகையும் எட்டு ஸ்குருவும் போதும். ஒரு மணி நேரத்தில் தச்சர் முடித்து விட்டுப் போய் விடுவார். அந்த நேரத் தாளை எழுதத்தான் குடும்பம் முழுவதும் உட்கார வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுங்கள். சுவரை அளப்பதற்கு முன், வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதலில் அம்மாவின் முழங்கை உயரத்தை அளந்து எழுதுங்கள்.